பச்சை பூசிய கண்ணாடித் தகடு: ஒரு தேயிலை ஸ்டோர் கூரை விபத்தின் ஆய்வு

முதல் அறிக்கை ஒரே பக்கம். 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்துக்குள் இரண்டு வாக்கியங்கள் இருந்தன: "வேலையாளின் கவனக்குறைவு. பாதுகாப்புப் பெல்ட் இருந்தும் அணியவில்லை." கீழே கையொப்பம், முத்திரை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்திலேயே பேனாவால் ஒரு கேள்வி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்: "அணிந்திருந்தால் எதில் மாட்டியிருப்பான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலை என்னிடம் வந்தது. நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, ஸ்டோர் மெக்கானிக்காகப் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சில தோட்டங்களுக்குப் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறவன். நான் கொடுத்த இரண்டாவது அறிக்கையிலிருந்து ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டு, விளக்கம் கொஞ்சம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நடந்தது

இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பக்கம் போகும் மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. எங்கள் ஆட்கள் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சரிவில் நேராக வந்து மோதும். முந்தின இரவுக் காற்றில் முகட்டுக்கு அருகே மூன்று தகரங்கள் கழன்றுவிட்டன. ஒன்று பறந்து போய்த் தேயிலைக்குள் கிடந்தது. மற்ற இரண்டும் ஒரு பக்க ஆணியில் தொங்கி, விடிய விடிய அடித்துக்கொண்டிருந்தன.

அந்த ஓட்டைக்கு நேர் கீழே கொழுந்து வாட்டும் மாடி. நீள நீளமான தொட்டிகள், கம்பி வலை மேல் பரப்பிய கொழுந்து, அடியிலிருந்து விசிறி தள்ளும் காற்று. கொழுந்து பதமாக வாட 12 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். மழைத்தண்ணீர் இரண்டு தொட்டிகளை நனைத்துவிட்டது. முற்பகல் 11 மணிக்குப் புதுக் கொழுந்து நிறுவைக்கு வந்துவிடும். பறித்த கொழுந்தைச் சாக்கிலேயே குவித்து வைத்தால் சூடேறிச் சிவந்து போகும், பிறகு அது தேயிலைக்கு ஆகாது. ஆகவே காலை ஏழு மணிக்கு, ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரின் மனத்தில் இருந்த ஒரே கேள்வி, 11 மணிக்குள் கூரையை மூட முடியுமா என்பதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

ஏழரைக்கு ஒரு பாஸ், அதாவது கூரை வேலை மேஸ்திரி, இரண்டு இளைஞர்களோடு வந்தார். தகரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் விலை முடிந்தது. கைக்காசு வேலை. மூவரில் யாருடைய பெயரும் தோட்டத்து ஆட்களின் பதிவான செக்ரோலில் இல்லை.

விழுந்தவருக்கு வயது 26. தம்பி என்றே இங்கே குறிப்பிடுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். அதே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். காற்றுக் காலத்தில் லயக் கூரையில் ஏறித் தகரம் பறக்காமல் கல்லும் பழைய டயரும் வைப்பது அவருக்குப் பத்து வயதில் பழகிய வேலை. பிறகு நான்கு வருடம் கொழும்பில் கட்டட வேலை செய்திருக்கிறார். "அங்கே ஹெல்மட் இல்லாவிட்டால் கேட்டைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள் அண்ணே" என்றார். இங்கே ஏன் போடவில்லை என்று கேட்டேன். "இங்கே கேட்டே இல்லையே" என்றார்.

ஏணியைப் பற்றி முதல் அறிக்கை நான்கு வரி எழுதியிருந்தது. தேவையில்லை. மூங்கில் ஏணி கூரை விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டர் நீண்டிருந்தது, தலைப்பகுதி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது, கால் ஈரமில்லாத சீமெந்துத் தரையில் இருந்தது. வெறுங்காலோடு ஏறியதையும் குற்றமாகப் பதிந்திருந்தார்கள். பாசி பிடித்த ஈரத் தகரத்தில் தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் நன்றாகப் பிடிக்கும். அவர் செருப்பைக் கழற்றியது யோசித்துச் செய்த காரியம்.

பாஸ் ஒரு அறிவுரை சொல்லியிருக்கிறார்: "ஆணி வரிசையைப் பார்த்து மிதி." கூரை வேலை செய்கிற எல்லோரும் சொல்வதுதான். ஆணி இருக்கிற இடத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம் இருக்கும், அங்கே மிதித்தால் தகடு தாங்கும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அது கம்பி மேல் நடக்கிற வித்தை. கைவீசி நடக்கும்போது சரியாக வரும். எட்டடித் தகரம் ஒன்றை இருவராகத் தூக்கிக்கொண்டு, காற்றுக்கு முகம் கொடுத்து நடக்கும்போது வராது.

8.40 அளவில் இரண்டாவது தகரத்தைக் கொண்டு போகிறார்கள். காற்று தகரத்துக்கு அடியில் புகுந்து தூக்கியது. தம்பி தகரத்தை விடாமல், தடுமாற்றத்தைச் சமாளிக்க இடது காலை அரை அடி பின்னால் வைத்தார். ஆணி வரிசையிலிருந்து அரை அடி. முதல் அறிக்கை 'கவனக்குறைவு' என்று சொன்னது இந்த அரை அடியைத்தான்.

கால் உள்ளே போனது. பிறகு முழுத் தகடும் உடைந்தது. மாடியில் நனைந்த கொழுந்தை வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா சொன்னார்: "பெரிய அப்பளத்தைக் கையால் நொறுக்குகிற மாதிரி ஒரு சத்தம் ஐயா. நிமிர்ந்து பார்ப்பதற்குள் தொட்டி விளிம்பில் கிடந்தான்."

தகட்டிலிருந்து தொட்டி விளிம்புக்கு 3.2 மீட்டர். அந்தத் தூரத்தை விழுந்து கடக்க 0.8 விநாடி, முடிவில் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். குதிகால் முதலில் இரும்பு விளிம்பில் பட்டது. காலூன்றி விழுகிறவர்களுக்கு அடி குதிகாலிலிருந்து நேராக மேலே ஏறி முள்ளந்தண்டுக்குப் போகும். வைத்தியர்கள் அதனால்தான் குதிகால் முறிந்து வருகிறவரின் இடுப்பையும் படம் எடுப்பார்கள். தம்பிக்கு இரண்டும் முறிந்திருந்தன.

தகடு

நான் போனது ஒன்பது நாள் கழித்து. புதுத் தகரம் போட்டு ஓட்டையை அடைத்திருந்தார்கள். உடைந்த துண்டுகளைக் கூட்டி ஒரு கொழுந்துச் சாக்கில் கட்டி, கொதிகலன் அறைக்குப் பின்னால் எறிந்திருந்தார்கள். எறியாமல் எரித்திருந்தால் இந்த அறிக்கை அரைப்பக்கத்தில் நின்றிருக்கும்.

உள்ளங்கை அளவு ஒரு துண்டை எடுத்து வந்து மேசையில் வைத்துச் சிறு கத்தியால் சுரண்டினேன். மேலே கரும்பச்சைப் பூச்சு. அதற்கடியில் வெள்ளிப் பூச்சு. அதற்கடியில் இன்னொரு பச்சை, கொஞ்சம் வெளிறியது. பிறகு தார், தாரில் ஒட்டிய சாக்குத்துணி நூல்கள். அதையும் சுரண்டியபோது மஞ்சளாக, தலைமுடி போன்ற இழைகள் தெரிந்தன. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் வந்தது.

அது தகரமே இல்லை. வெளிச்சத்துக்காகக் கூரையில் இடையிடையே போடுகிற ஃபைபர் தகடு. இங்கே கண்ணாடித் தகடு என்பார்கள். தகரத்தின் அதே நெளிவு, அதே அகலம். புதிதில் வளைந்து கொடுக்கும். வருடக்கணக்கில் வெயில் பட்டால் அதிலுள்ள பிசின் காய்ந்து, இழை தனியே பிரிந்து, அப்பளமாகிவிடும். அக்கா தேடிப் பிடித்த உவமை எவ்வளவு சரி என்று அப்போது புரிந்தது.

சரி, வெளிச்சத்துக்குப் போட்ட தகட்டின் மேல் ஏன் தார் பூசினார்கள்? அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பதிவேடு எதுவும் இல்லை. மறுபடி மாடிக்குப் போய் அந்த அக்காவிடமே கேட்டேன். அவர் முப்பது வருடமாக அந்த மாடியில் வேலை செய்கிறவர்.

"அந்த இடத்தில் முன்பு வெயில் விழும் ஐயா. மத்தியானத்தில் தொட்டியில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கருகும். ஒரே தொட்டிக் கொழுந்து இரண்டு பதமாக வந்தால் எங்களுக்குத்தான் ஏச்சு. நாங்கள் சொல்லித்தான் அப்போதிருந்த டீமேக்கர் தார் பூசச் சொன்னார்."

கொழுந்துக்காகத் தார். பிறகு கூரைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் தகரம், தார் என்று பார்க்காமல் மேலே அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நான்காவது பூச்சு முடிந்தபோது, கூரையில் நடக்கிற ஒருவனால் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு பொறி தயாராகிவிட்டது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. கீழே நின்று வேலை செய்கிற பத்துப் பெண்களுக்கும் அந்த இடத்தில் என்ன தகடு இருக்கிறது என்று தெரியும். மேலே ஏறுகிற மூவருக்கும் தெரியாது. அன்று காலை ஏறும் முன் ஒரே ஒருவர் மாடிக்கு வந்து "மேலே கண்ணாடித் தகடு எங்கெல்லாம் இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் அக்கா விரலால் காட்டியிருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

பெல்ட்

பெல்ட் இருந்தது உண்மை. சாமான் அறையில், பிளாஸ்டிக் உறையோடு, அலமாரியின் மேல் தட்டில். முன்பொரு முறை பரிசோதனைக்கு வந்தவர்கள் கேட்டதால் வாங்கியது. உறை பிரிக்கப்படவில்லை.

முகாமையாளர் நியாயமான மனிதர். அவர் கேட்டார்: "வாங்கிக் கொடுத்துவிட்டோம், அவர்கள் போடவில்லை. இதற்கு மேல் நான் என்ன செய்ய?" வாயால் பதில் சொல்வதைவிட அளந்து காட்டுவது மேல் என்று, அவரையும் டீமேக்கரையும் மாடிக்கு அழைத்துப் போனேன். பெல்ட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டேன்.

பெல்ட் இடுப்பில் மட்டும் கட்டுகிற வகை. மின்கம்பத்தில் ஏறுகிறவர் இரண்டு கையும் விட்டு வேலை செய்யச் சாய்ந்து நிற்பதற்கு அது சரி. விழுகிறவரைப் பிடிப்பதற்கு அது ஆகாது. அமெரிக்காவில் 1998 ஜனவரி முதல் விழுதலைத் தடுக்கும் கருவியாக இடுப்புப் பெல்ட்டைப் பயன்படுத்தவே கூடாது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். இழுப்பு உடம்பு முழுவதும் பரவினால்தான் தாங்க முடியும்.

இந்தப் பெல்ட்டோடு வந்த கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சி வாங்கும் மடிப்பு எதுவும் அதில் இல்லை, வெறும் கயிறு. கூரையில் மாட்டுவதற்கு இருந்த ஒரே இடம் காலடியிலுள்ள குறுக்குச் சட்டம். ஒரு பேச்சுக்கு, தம்பி அதில் மாட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு காலடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம். விழும்போது அந்த ஒரு மீட்டர், பிறகு கயிற்றின் 1.8 மீட்டர், ஆக 2.8 மீட்டர் எந்தத் தடையும் இல்லாமல் விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். அப்போது வேகம் மணிக்கு 26 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகம் முழுவதும் நாலு விரல் அகலப் பட்டி ஒன்றால் இடுப்பில் சட்டென்று நிற்கும். தொட்டி விளிம்பில் படாமல் அதே முள்ளந்தண்டு முறிந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு முன் சட்டமே பிடுங்கிக்கொண்டு வராது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விழுகிறவரைத் தாங்கும் மாட்டுமிடம் ஐரோப்பிய நியமப்படி 12 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். சுமார் 1,200 கிலோவைத் தொங்கவிட்டது போல. நான் அந்தச் சட்டத்தில் ஆணித்துளையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். பழைய கேக்கில் இறங்குவது போல இறங்கியது.

"அப்படியானால் நல்ல ஹார்னஸாக வாங்குவோம்" என்றார் முகாமையாளர். நல்லதையும் அளந்தோம். அதிர்ச்சி வாங்கும் மடிப்புள்ள கயிறு விழுகிறவரின் உடம்பில் 6 கிலோநியூட்டனுக்கு மேல் இழுப்பு விழாமல் பார்த்துக்கொள்ளும். அதற்காக மடிப்பு பிரிந்து நீளும், நியமப்படி 1.75 மீட்டர் வரை நீளலாம். கயிறு 1.8, மடிப்பு 1.75, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, கைக்காவலாக ஒரு மீட்டர். கூட்டினால் 6.05. நாடாவைச் சட்டத்திலிருந்து கீழே விட்டேன். தரைக்கு 4.2. தொட்டி விளிம்புக்கு 3.2.

டீமேக்கர் நாடாவைத் தன் கையில் வாங்கி இன்னொரு முறை அளந்தார். அதே கணக்குத்தான்.

உயரம் குறைந்த இடத்தில் ஹார்னஸ் தானாகக் காப்பாற்றாது. இது கேட்பதற்கு முரணாக இருக்கும். ஆறு மாடியில் காப்பாற்றுகிற கயிறு ஒன்றரை மாடியில் காப்பாற்றாது. தலைக்கு மேலே மாட்ட இடம் இருந்தால் கணக்கு மாறும். கூரைக்கு மேலே வானம்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஹார்னஸ் பிடித்து ஒருவர் அந்தரத்தில் தொங்கினால், தொடைப் பட்டி இரத்த ஓட்டத்தை நெருக்கும், அசையாமல் தொங்குகிறவர் மயங்கிவிடலாம். சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். எப்படி இறக்குவது, யார் இறக்குவது என்று தெரியாத இடத்தில் ஹார்னஸ் பாதி ஏற்பாடுதான்.

ஆகத் தலைவரின் கேள்விக்குப் பதில்: மாட்டுவதற்கு இடமில்லை, மாட்டியிருந்தாலும் பயனில்லை. முதல் அறிக்கையின் இரண்டாவது வாக்கியம் இங்கே விழுந்துவிட்டது.

தூக்கியது

இதை முதல் அறிக்கை தொடவே இல்லை. விழுந்தவரை நான்கு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, மாடியின் குறுகலான மரப்படியில் இறக்கி, கம்பளியில் கிடத்தி, தோட்டத்து லொறிக்குக் கொண்டு போனார்கள். அன்பினாலும் பதற்றத்தினாலும் செய்தது. லயத்தில் சுகமில்லாதவரைக் கம்பளியில் தூக்கிப் போவது எங்கள் பாட்டன் காலத்துப் பழக்கம். பாதை இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வது. ஆனால் உயரத்திலிருந்து விழுந்தவரின் முள்ளந்தண்டு முறிந்திருக்கலாம் என்று எண்ணியே தொட வேண்டும். கம்பளி நடுவில் தொய்யும், இடுப்பு மடியும், முறிந்த எலும்பு உள்ளே நரம்பை அழுத்தும். "படியில் திரும்பும்போது இரண்டு காலிலும் கரண்ட் பாய்ந்தது மாதிரி இருந்தது" என்றார் தம்பி.

அசைக்காமல் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக்கொண்டு, அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்திருக்கலாம். அம்புலன்ஸ் மலைப்பாதையில் ஏறி வர நேரமாகும் என்பது உண்மைதான். இருந்தாலும், இரத்தம் பெருகாத, மூச்சு சீராக இருக்கிற ஒருவருக்கு அந்தக் காத்திருப்பு நட்டமில்லை. காத்திருக்கவே முடியாவிட்டால் ஒரு கதவுப் பலகை போதும். அந்த மாடியிலேயே மூன்று பலகைகள் சாய்த்து வைத்திருந்தன.

விலையும் சட்டமும்

தகரத்துக்கு இவ்வளவு என்று பேசிய கொந்தராத்தில் பலகைக்கு விலை இல்லை. தகரத்தைக் கூரையில் போட்டால்தான் காசு. அதற்கு முன் நடைபலகை போடுவதற்கு ஒரு மணி நேரம் செலவழித்தால் அது பாஸின் சொந்த நட்டம். அவர் பலகை போடாதது பேராசையால் என்று நான் எழுதவில்லை. போடாமல் இருப்பதற்குத்தான் நாம் காசு கொடுத்தோம் என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை மாற்றும்படி இரண்டு முறை கேட்டார்கள். மாற்றவில்லை.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அலுவலகம் அறிவிக்கவில்லை. "அவர் நம்முடைய ஆள் இல்லையே" என்பது வாதம். விழுந்த கூரை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை போலும். நான் போன பிறகு அறிவித்தார்கள். 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தலைவர் கோரிக்கை போட்டிருக்கிறார். பாஸா, தோட்டமா, யார் வேலைகொள்வோர் என்ற இழுபறியில் அது இன்னும் நிற்கிறது.

செய்தது

எங்கள் தோட்டங்களில் பாதுகாப்பு என்றாலே பெல்ட்டிலிருந்துதான் பேச்சு தொடங்கும். நான் அதைக் கடைசியில் வைத்தேன். முதலில் கேட்டது, ஏறாமல் முடியுமா என்று. அன்றைய வேலையில் பாதி, ஏறாமலே முடிந்திருக்கும். தொங்கிய இரண்டு தகரங்களையும் மாடிக்குள்ளிருந்தே, தொட்டிகளுக்கு இடையில் உருட்டுப் பலஞ்சி ஒன்றை நிறுத்தி, அடியிலிருந்து கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கலாம். நிரந்தரமாகப் போடுவதைக் காற்று அடங்கிய நாளுக்கு வைத்திருக்கலாம்.

(பலஞ்சி என்ற சொல்லுக்கு மன்னிக்க வேண்டும். பயிற்சிக்கு வந்த துண்டுப்பிரசுரத்தில் 'சாரம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை' என்று அச்சிட்டிருந்தது. இங்கே சாரம் என்றால் இடுப்பில் உடுப்பது. கூட்டம் சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆனது. சிங்களத்தில் பலஞ்சிய, எங்கள் வாயில் பலஞ்சி. பிரசுரத்தைத் திருத்தி மறுபடி அடித்தோம்.)

அடுத்தது தகடுகளைக் கண்டுபிடிப்பது. மேலே ஏறித் தேடினால் தேடுகிறவர் விழுவார். அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மாடிக்குள் நீளமான மூங்கிலோடு நடந்தோம். அடியிலிருந்து தட்டினால் தகரம் கணீரென்றது, ஃபைபர் பொத்தென்றது. அக்கா தட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார், நாங்கள் சரிபார்த்தோம். மொத்தம் 11 தகடுகள். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒன்று மட்டும் பழைய இயந்திர அறைப் பக்கம் இருந்தது. கூரையின் படம் ஒன்று வரைந்து ஏணி வைக்கும் இடத்தில் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில், சட்டத்திலிருந்து சட்டத்துக்கு, கெட்டியான இரும்புக் கம்பி வலை அடித்தோம். இதுதான் முழு ஏற்பாட்டிலும் எனக்குப் பிடித்தது. யாரும் அணிய வேண்டாம், மாட்ட வேண்டாம், நினைவில் வைக்க வேண்டாம். தகடு உடைந்தாலும் ஆள் வலையில் நிற்பார்.

ஏறியே ஆக வேண்டுமென்றால் நடைபலகை. அகலம் குறைந்தது 60 சென்டிமீட்டர், இரண்டு சட்டங்களையாவது தாண்டி உட்கார வேண்டும், வழுக்காமல் குறுக்குக் கட்டை அடித்திருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு பலகை, ஒன்றில் நின்றுகொண்டுதான் மற்றதை நகர்த்த முடியும். ஸ்டோர் தச்சரே ஆறு பலகைகள் செய்தார். முகட்டுப் பக்கம் தூக்கும்போது கனமாக இருக்கிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். அலுமினியத்தில் வாங்கக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. தூறல் இருந்தாலும், தகரத்தைக் கையில் பிடித்து நிற்க முடியாத காற்று இருந்தாலும் ஏறுவதில்லை. கொந்தராத்துச் சீட்டில் பலகைக்கும் வலைக்கும் தனி வரி போட்டு விலை எழுதுகிறார்கள். அந்த வரி வந்த பிறகு பாஸே "பலகை எங்கே?" என்று கேட்கிறார்.

பழைய இடுப்புப் பெல்ட்டை வெட்டி எறியச் சொன்னேன். வைத்திருந்தால் அடுத்த அறிக்கையில் மறுபடி 'இருந்தும் அணியவில்லை' என்று வரும்.

தம்பி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். ஒரு நாள் ஸ்டோர் வாசல் வரை வந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். தன் தகட்டுக்கு எத்தனையாம் இலக்கம் என்று கேட்டார். ஏழு.

11இல் ஏழு தகடுகளை மாற்றியாயிற்று. மீதி நான்கும் சுவர்ப் படத்தில் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கின்றன; காற்றும் மழையும் ஓய்ந்த பெப்ரவரியில் மாற்றுவதாகத் திட்டம். புதிதாகப் போட்டவை வெளிச்சம் விடுகின்றன. முதல் வெயில் நாளிலேயே அக்கா என்னைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார். கொழுந்து ஒரு பக்கம் காயத் தொடங்கியிருந்தது. டீமேக்கர் தார் வாளியை எடுத்துவரச் சொல்வாரோ என்று பார்த்தேன். நாற்றுமேடைக்கு வாங்கிய கறுப்பு வலைத்துணியில் ஒரு துண்டு வெட்டி, தகட்டுக்குக் கீழே, கம்பி வலையிலேயே கட்டிவிட்டார். மேலே யாரும் எதையும் பூசவில்லை.